பெயரறியாப் பயனரும் பதிப்புரிமைச் சட்டமும்: கோப்புப் பகிர்வு வழக்குகளில் அடையாள வெளிப்பாடு

ஆய்வுச் சுருக்கம்

இணையவழிக் கோப்புப் பகிர்வு தொடர்பான வழக்குகள் பெரும்பாலும் படைப்பின் உரிமையாளருக்கும் அனுமதியின்றி நகலெடுப்பவருக்கும் இடையிலான பூசலாகவே விளக்கப்படுகின்றன. ஆயின் அவ்வழக்குகளின் போக்கை உறுதி செய்வது பெரும்பாலும் இறுதித் தீர்ப்பு அன்று. ஐபி முகவரி ஒன்றன் பின்னுள்ள சந்தாதாரரின் பெயர் வெளியிடப்படும் தருணமே ஆகும். இக்கருத்தை அமெரிக்கா, கனடா, ஐரோப்பா ஆகிய இடங்களின் வழக்குகள்வழி இக்கட்டுரை விளக்குகிறது. அவ்வழக்குகளின் ஒளியில் இந்தியச் சட்டச்சூழலின் நிலையும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பதிப்புரிமை, அந்தரங்க உரிமை, கோப்புப் பகிர்வு, ஐபி முகவரி, இணையச் சேவை நிறுவனம், அடையாள வெளிப்பாடு.

1. முன்னுரை

2003ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கத்தைச் சார்ந்த இசை நிறுவனங்கள் 261 தனிமனிதர்கள்மீது பதிப்புரிமை மீறல் வழக்குத் தொடுத்தன. அதுவரை பதிப்புரிமை வழக்குகள் பதிப்பகங்கள், அச்சகங்கள், ஒலிநாடா நகலகங்கள் முதலிய வணிக அமைப்புகளை நோக்கியே பெரிதும் அமைந்திருந்தன. வீட்டிலிருந்து இணையத்தைப் பயன்படுத்திய மாணவர்களும் பெற்றோரும் முதியோரும் பெருந்திரளாகப் பிரதிவாதிகளாக்கப்பட்டது அதற்குமுன் காணப்படாத நிகழ்வாகும். முதல் தொகுதியில் வழக்குக்கு உள்ளானோருள் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். அவளுடைய தாயார் 2,000 டாலர் செலுத்தி வழக்கினை முடித்துக்கொண்டார். அதே தொகுதியில் முதிய பெண்மணி ஒருவர்மீது தொடுக்கப்பட்ட வழக்கு சில நாள்களில் திரும்பப் பெறப்பட்டது. அவர் பயன்படுத்தியதாகக் கூறப்பட்ட கஸா மென்பொருள் அவரிடமிருந்த மேக் கணினியில் இயங்கக்கூடியதே அன்று.

இவ்விரு நிகழ்வுகளும் ஒரே வினாவை எழுப்புகின்றன. இவர்களுடைய பெயர்கள் இசை நிறுவனங்களுக்கு எவ்வாறு கிடைத்தன? அவற்றைத் தந்தவர் யார்? தருமாறு பணித்தவர் யார்? பணிக்கும் முன் சான்றுகளை ஆராய்ந்தவர் எவரேனும் உண்டா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொல்லாட்சி

இத்துறையில் தமிழில் வழங்கும் சொற்கள் சில தெளிவுபடுத்தப்பட வேண்டியனவாக உள்ளன. நாளிதழ்களில் ‘காப்புரிமை’ என்னும் சொல் நூல், இசை, திரைப்படம் ஆகியவற்றின் உரிமைக்கும் புதிய கண்டுபிடிப்புகளின் உரிமைக்கும் வேறுபாடின்றி ஆளப்படுகிறது. 1957ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் தமிழில் ‘பதிப்புரிமைச் சட்டம்’ எனச் சுட்டப்படுவதால் இக்கட்டுரையில் ‘பதிப்புரிமை’ என்பதே கொள்ளப்படுகிறது.

‘தனியுரிமை’ என்னும் சொல் மேலும் கருதத்தக்கது. இணையத்தளங்களும் செயலிகளும் வெளியிடும் ‘தனியுரிமைக் கொள்கை’யில் இச்சொல் ஒருவருடைய சொந்த வாழ்வு பிறர் பார்வைக்கு உட்படாதிருக்கும் உரிமையைக் குறிக்கிறது. பதிப்புரிமையின் சாரமோ ஒரு படைப்பை நகலெடுக்கவும் பரப்பவும் உரிமையாளர் ஒருவருக்கே உரிய தனிப்பட்ட உரிமையாகும். அதனையும் ‘தனியுரிமை’ என்றே சொல்லப் பொருள் இடந்தருகிறது. இவ்வாறு நீதிமன்றத்தில் எதிரெதிர் நிற்கும் இரண்டு உரிமைகளுக்கும் ஒரே சொல் பொருந்திவிடுகிறது. குழப்பம் தவிர்க்கும் பொருட்டு முன்னதற்கு ‘அந்தரங்க உரிமை’ என்னும் சொல் இங்கு ஆளப்படுகிறது.

மூன்றாவதாகச் சுட்டத்தக்கது ‘திருட்டு’ என்னும் அடைமொழி. ‘திருட்டு வி.சி.டி.’ எனத் தமிழ்நாட்டில் வேரூன்றிய வழக்கு, பதிப்புரிமை மீறலைக் களவோடு ஒன்றாக்குகிறது. சட்டம் இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதில்லை. 1985ஆம் ஆண்டு டௌலிங் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பதிப்புரிமை மீறுபவர் பொருளை உடையவரிடமிருந்து கவர்ந்து செல்பவர் அல்லர் என்பதனால் அதனைக் களவுக்கு நேர் நிகராகக் கொள்ள இயலாது என்று விளக்கியது. களவு என்று பெயரிட்டவுடன் ‘கள்வனைக் காட்டிக்கொடுப்பதில் தடை என்ன?’ என்னும் எண்ணம் தானே எழுகிறது. அடையாள வெளிப்பாடு குறித்த விவாதத்தில் இச்சொல்லாட்சி தொடக்கத்திலேயே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது எனலாம்.

3. கோப்புப் பகிர்வும் ஐபி முகவரியும்

1999ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நாப்ஸ்டர், பயனர்களின் கணினிகளில் உள்ள பாடல்களின் பட்டியலைத் தன் மைய வழங்கியில் வைத்திருந்தது. பாடல்கள் பயனரிடமிருந்து பயனருக்கு நேரே சென்றன. எப்பாடல் எவரிடம் உள்ளது என்னும் குறிப்பு மட்டும் நாப்ஸ்டரிடம் இருந்தது. அக்குறிப்பே அந்நிறுவனத்தைப் பொறுப்புக்கு உள்ளாக்கியது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பினைத் தொடர்ந்து அவ்வாண்டு ஜூலையில் அதன் சேவை நிறுத்தப்பட்டது.

பின்வந்த நுடெல்லா, கஸா, பிட்டொரென்ட் முதலிய அமைப்புகள் அத்தகைய ஒரே மையப் பட்டியலைச் சார்ந்திருக்கவில்லை. மூடுவதற்கு ஒரு மையம் இல்லாதபோது உரிமையாளர்களின் பார்வை பயனர்மீது திரும்பியது. 2003ஆம் ஆண்டு ஏப்ரலில் கீழமை நீதிமன்றம் ஒன்று குரோக்ஸ்டர் மென்பொருள் நிறுவனத்தைப் பொறுப்பிலிருந்து விடுவித்தமை இத்திருப்பத்தை விரைவுபடுத்தியது. அம்முடிவு 2005ஆம் ஆண்டு ஜூனில் உச்ச நீதிமன்றத்தால் மாற்றப்பட்டது எனினும், அதற்குள் ஆயிரக்கணக்கான பயனர்மீது வழக்குகள் தொடுக்கப்பட்டிருந்தன.

பயனரைக் கண்டறியும் முறை எளியது. உரிமையாளரால் அமர்த்தப்பட்ட கண்காணிப்பு நிறுவனம் தானும் ஒரு பயனராகப் பகிர்வு வலையில் நுழைகிறது. குறித்த பாடலையோ படத்தையோ வழங்கும் கணினியின் ஐபி முகவரியையும் நேரத்தையும் பதிவு செய்கிறது. ஐபி முகவரி என்பது இணையத்தில் ஓர் இணைப்புக்கு வழங்கப்படும் எண். பெரும்பாலான வீட்டு இணைப்புகளில் இவ்வெண் நிலையானது அன்று. இன்று ஒரு வீட்டுக்குரிய எண் மற்றொரு நாள் வேறொரு வீட்டுக்கு வழங்கப்படலாம். ஆகவே எண்ணோடு நேரமும் சேர்ந்தால்தான் சந்தாதாரரை அறிய இயலும். அதனை அறிந்திருப்பது இணையச் சேவை நிறுவனம் மட்டுமே.

இங்கு இரண்டு இடைவெளிகள் உள்ளன. முதலாவது, எண்ணுக்கும் சந்தாதாரருக்கும் இடையிலானது. பதிவேட்டில் நேரம் பிழைபட்டால் தொடர்பற்ற ஒருவர் சுட்டப்படுவார். இரண்டாவது, சந்தாதாரருக்கும் பகிர்ந்தவருக்கும் இடையிலானது. கட்டணம் செலுத்துபவர் தந்தையாகவும் கணினியில் அமர்ந்தவர் மகனாகவோ விருந்தினராகவோ கடவுச்சொல் இல்லாத வைஃபையைப் பயன்படுத்திய அண்டை வீட்டாராகவோ இருக்கலாம். முதல் இடைவெளியைச் சேவை நிறுவனத்தின் பதிவேடு நிரப்பும். இரண்டாவதை அப்பதிவேட்டால் நிரப்ப இயலாது.

தமிழ் இலக்கண மரபறிந்தார்க்கு இந்நிலை முற்றிலும் புதியதன்று. அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்படுதல் கூடாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் வெளிப்பட்டால் பாடல் புறமாகிவிடும். நெடுநல்வாடையில் தலைவனின் பெயர் எங்கும் இல்லை. எனினும் பாண்டியர்க்குரிய வேம்பு குறிக்கப்பட்டமையால் அது புறமாயிற்று என்று நச்சினார்க்கினியர் கொண்டார். பெயரைச் சொல்லாவிடினும் ஆளைக் காட்டிவிடும் அடையாளம் பெயருக்கு நிகர் என்பதே அவர்தம் கொள்கையின் உட்கிடை. ஐபி முகவரியும் அத்தகையதே: அது பெயர் அன்று, பதிவேடு உடையார்க்குப் பெயரைக் காட்டும் அடையாளம். இவ்வொப்புமை விளக்கத்தின் பொருட்டுக் கூறப்பட்டதேயன்றி, இக்காலச் சட்ட உரிமை பண்டைய இலக்கணத்தில் இருந்தது என்று நிறுவும் நோக்குடையதன்று.

4. வெரிசோன் வழக்கு

அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டு இயற்றப்பட்ட எண்மிய ஆயிரமாண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இணைய நிறுவனங்களுக்குப் பாதுகாப்பு ஒன்றை அளித்தது. தம் வழங்கிகளில் பிறர் ஏற்றிய மீறல் பொருளை அறிவிப்புக் கிடைத்ததும் நீக்கும் நிறுவனங்கள் இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து விலக்குப் பெற்றன. அதற்கு ஈடாக உரிமையாளருக்கு ஒரு வசதி அளிக்கப்பட்டது. அச்சட்டத்தின் 512(எச்) பிரிவின்படி, உரிமையாளர் உறுதிமொழியுடன் விண்ணப்பித்தால் நீதிமன்ற எழுத்தரே பயனரின் அடையாளத்தைத் தருமாறு ஆணை வழங்குவார். வழக்குத் தொடுத்திருக்க வேண்டியதில்லை. நீதிபதி சான்றினை ஆராய வேண்டியதில்லை. பயனருக்கு முன்னறிவிப்பும் கட்டாயமில்லை.

2002ஆம் ஆண்டு ஜூலையில் ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் இப்பிரிவின்கீழ் வெரிசோன் நிறுவனத்திடம் ஒரு சந்தாதாரரின் பெயரைக் கோரியது. ஒரே நாளில் 600க்கும் மேற்பட்ட பாடல்களைப் பெற்றார் என்பது அவர்மீதான குற்றச்சாட்டு. வெரிசோன் மறுத்தது. தன் வழங்கியில் எப்பாடலும் இல்லை என்றும், பயனரின் கணினியிலுள்ள கோப்புகளுக்குத் தான் வெறும் கடத்தும் வழி மட்டுமே என்றும் வாதிட்டது. 2003ஆம் ஆண்டு ஜனவரியில் மாவட்ட நீதிமன்றம் பெயரைத் தருமாறு ஆணையிட்டது. அவ்வாண்டு டிசம்பர் 19ஆம் நாள் கொலம்பியா வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அம்முடிவை மாற்றியது. 512(எச்) பிரிவு, நீக்கத்தக்க பொருளைத் தன்னிடம் வைத்திருக்கும் நிறுவனத்திற்கே பொருந்தும். கடத்தும் வழியாக மட்டும் இருக்கும் நிறுவனத்திற்குப் பொருந்தாது என்பது தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பு சட்டத்தின் சொற்களை நுணுகி நோக்கி வழங்கப்பட்டதே அன்றி அந்தரங்க உரிமையின் அடிப்படையில் வழங்கப்பட்டதன்று. அரசியலமைப்பு சார்ந்த வாதங்களுக்குள் நீதிமன்றம் செல்லவில்லை. எனினும் அதன் விளைவு பெரிது. 2004ஆம் ஆண்டு ஜனவரி முதல் இசை நிறுவனங்கள் பெயரறியாப் பிரதிவாதியை ‘ஜான் டோ’ எனக் குறித்து முறைப்படி வழக்குத் தொடுத்து, நீதிபதியின் ஆணை பெற்ற பின்னரே பெயரை அறிய வேண்டியதாயிற்று. எழுத்தரின் மேசையிலிருந்து நீதிபதியின் மேசைக்குக் கோரிக்கை இடம்பெயர்ந்தது. மேலே கூறப்பட்ட 261 வழக்குகள் இத்தீர்ப்புக்கு முந்தியவை என்பது நோக்கத்தக்கது.

5. பெயர் வெளிப்பட்ட பின்

பெயர் வெளியானால் என்ன? குற்றமற்றவர் நீதிமன்றத்தில் தம் பக்கத்தை நிறுவிக்கொள்ளலாமே என்னும் வினா இயல்பானது. இதற்கு விடை இழப்பீட்டுக் கணக்கில் உள்ளது.

அமெரிக்கச் சட்டத்தில் உரிமையாளர் தமக்கு நேர்ந்த உண்மை இழப்பை நிறுவ வேண்டியதில்லை. மீறப்பட்ட படைப்பு ஒன்றுக்கு 750 முதல் 30,000 டாலர் வரை இழப்பீடு பெறச் சட்டம் வழிவகுக்கிறது. வேண்டுமென்றே செய்யப்பட்ட மீறலாயின் 1,50,000 டாலர் வரை செல்லலாம். மினசோட்டா மாநிலத்துப் பெண்மணி ஒருவர் 24 பாடல்களுக்காக எதிர்கொண்ட வழக்கு இதற்குச் சான்று. 2007இல் ஜூரி 2,22,000 டாலர் விதித்தது. மறுவிசாரணையில் 2009இல் அது 19,20,000 டாலராயிற்று. நீதிபதி அதனை 54,000 டாலராகக் குறைத்தார். 2010இல் மூன்றாம் விசாரணையில் 15,00,000 டாலர் விதிக்கப்பட்டது. இறுதியில் 2012ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் முதல் தொகையையே நிலைநாட்டியது. அதாவது பாடல் ஒன்றுக்கு 9,250 டாலர். ஒரே செயலுக்கான தொகை 54,000 முதல் 19,20,000 வரை ஊசலாடியமை, நீதிமன்றம் செல்பவர் எதனை எதிர்பார்ப்பது என்று அறிய இயலாத நிலையைக் காட்டுகிறது.

இந்நிலையில் சில ஆயிரம் டாலர் செலுத்தினால் வழக்கு முடியும் என்று வரும் கடிதம், குற்றம் செய்தவர்க்கும் செய்யாதவர்க்கும் ஒரேபோல் மலிவான வழியாகத் தோன்றுகிறது. வழக்கறிஞர் கட்டணமே சமரசத் தொகையை மிஞ்சக்கூடும். 2008ஆம் ஆண்டு இறுதியில் இசை நிறுவனங்கள் பெருந்திரள் வழக்குகளைக் கைவிடும்வரை 30,000க்கும் மேற்பட்டோர் இம்முறையில் அணுகப்பட்டனர். அவர்களுள் முழு விசாரணையை எதிர்கொண்டோர் மிகச் சிலரே. ஆகவே பெரும்பான்மையோரைப் பொறுத்தவரை தீர்ப்பு நீதிமன்றத்தில் வழங்கப்படவில்லை. பெயர் வெளியானபோதே முடிவு ஏற்பட்டுவிட்டது.

வழக்கின் பொருள் நாணத்திற்குரியதாக இருக்கும்போது இவ்வழுத்தம் மிகுகிறது. 2012ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கோல்டன் ஐ என்னும் நிறுவனம், ஆபாசப் படங்களைப் பகிர்ந்ததாக 9,000க்கும் மேற்பட்ட சந்தாதாரர்களின் பெயர்களைக் கோரியது. ஒவ்வொருவரிடமும் 700 பவுண்டு கேட்கும் கடித வரைவினை ஆராய்ந்த நீதிபதி அர்னால்டு, அத்தொகை ஏற்கத்தக்கதன்று என்றார். சந்தாதாரரே மீறியவர் என்று கடிதம் கொள்வதையும் ஏற்கவில்லை. பெயர்களைத் தர ஆணையிட்டபோதிலும் கடிதத்தின் வாசகம் நீதிமன்றக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. செய்யாத செயலுக்காயினும் அண்டை அயலார் அறிய நீதிமன்றம் செல்ல அஞ்சுபவர் பணம் செலுத்திவிடுவர் என்பதை இத்தகைய வழக்குகள் உணர்த்துகின்றன.

6. கனடா காட்டும் வழி

அடையாள வெளிப்பாட்டிற்கான படிநிலைகளைப் பிற நாடுகளினும் தெளிவாக வகுத்தது கனடா எனலாம். 2004ஆம் ஆண்டு இசை நிறுவனங்கள் 29 பயனர்களின் பெயர்களை ஐந்து சேவை நிறுவனங்களிடம் கோரின. கூட்டாட்சி நீதிமன்றம் மறுத்தது. பகிர்வு வலையில் காணப்பட்ட புனைபெயருக்கும் ஐபி முகவரிக்கும் உள்ள தொடர்பு முறையாக நிறுவப்படவில்லை என்பது காரணங்களுள் ஒன்று. 2005ஆம் ஆண்டு மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுப்பை உறுதி செய்ததுடன் நெறிமுறைகளையும் வழங்கியது. உரிமையாளரின் கோரிக்கை நேர்மையானதாக இருத்தல் வேண்டும். தகவலைப் பெற வேறு வழி இல்லாதிருத்தல் வேண்டும். வெளிப்பாட்டால் விளையும் நன்மை அந்தரங்க இழப்பை விஞ்சுதல் வேண்டும். சான்று திரட்டிய நாளுக்கும் பெயர் கோரும் நாளுக்கும் இடையே நெடிய காலம் கழிந்தால் தவறான ஒருவர் சுட்டப்படக்கூடும் என்பதனால் காலத்தாழ்வும் மறுப்புக்குக் காரணமாகலாம்.

2014ஆம் ஆண்டு திரைப்பட நிறுவனம் ஒன்று ஏறத்தாழ 2,000 சந்தாதாரர்களின் பெயர்களைக் கோரிய வழக்கில் நீதிமன்றம் பெயர், முகவரி ஆகியவற்றை மட்டும் தர ஆணையிட்டது. அனுப்பப்படும் கடிதத்தை நீதிமன்றம் முன்கூட்டியே பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்றும், பெறுபவர் பதிப்புரிமையை மீறினார் என்று எந்த நீதிமன்றமும் இதுவரை முடிவு செய்யவில்லை என்பது கடிதத்தில் இடம்பெற வேண்டும் என்றும் பணித்தது. இதற்கிடையே 2012ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வணிக நோக்கமற்ற மீறலுக்கான இழப்பீட்டு உச்சவரம்பை 5,000 டாலராக்கியிருந்தது. அச்சுறுத்தலின் வலிமை இழப்பீட்டின் உயரத்தில் இருப்பதைச் சட்டமன்றம் உணர்ந்து செயற்பட்டமைக்கு இது சான்றாகும். 2018ஆம் ஆண்டு ரோஜர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஐபி முகவரிக்குரிய சந்தாதாரர் மீறல் செய்தவராக இல்லாதிருக்கக்கூடும் என்பதைச் சுட்டியது. அவ்வாண்டிலேயே அமெரிக்க ஒன்பதாம் வட்ட நீதிமன்றமும், பலர் தங்கிச் செல்லும் பராமரிப்பு இல்லம் ஒன்றன் இணைப்பு தொடர்பான வழக்கில், சந்தாதாரர் என்பது மட்டுமே பொறுப்புக்குப் போதிய காரணமாகாது என்று கூறியது.

7. ஐரோப்பிய நிலைப்பாடும் அதன் நகர்வும்

ஐரோப்பிய நீதிமன்றம் 2008ஆம் ஆண்டு ஜனவரியில் ஸ்பானிய இசை உரிமையாளர் அமைப்பான புரோமியூசிகே தொடர்பான வழக்கில், உரிமையியல் வழக்குகளுக்காகச் சந்தாதாரர் பெயரைத் தருமாறு ஐரோப்பியச் சட்டம் உறுப்புநாடுகளைக் கட்டாயப்படுத்தவில்லை என்றது. அதே வேளையில் பதிப்புரிமை, அந்தரங்கம் ஆகிய இரண்டும் அடிப்படை உரிமைகள் என்பதனால் அவற்றிடையே நியாயமான சமநிலை பேணப்பட வேண்டும் என்றும் கூறியது. 2011ஆம் ஆண்டு ஸ்கார்லெட் வழக்கில், எல்லாப் பயனரின் தரவோட்டத்தையும் வடிகட்டிக் கண்காணிக்குமாறு சேவை நிறுவனத்தைப் பணித்தல் கூடாது என்று தீர்ப்பளித்தது.

பிரான்சு வேறொரு வழியை மேற்கொண்டது. மும்முறை எச்சரித்த பின்னும் மீறல் தொடர்ந்தால் இணைய இணைப்பை ஓராண்டு வரை துண்டிக்கும் அதிகாரத்தை ஹடோபி என்னும் நிருவாக அமைப்புக்கு வழங்கும் சட்டத்தை அந்நாட்டு நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 2009ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் அரசியலமைப்பு மன்றம் அதனை ஏற்க மறுத்தது. கருத்து வெளிப்பாட்டு உரிமையில் இணைய அணுகலும் அடங்கும். அதனைப் பறிக்கும் அதிகாரம் நீதிபதிக்கே உரியது. குற்றம் செய்யவில்லை என்பதைச் சந்தாதாரரே நிறுவ வேண்டும் என்பது குற்றமின்மைக் கருதுகோளுக்கு முரணானது என்பன அதன் காரணங்கள். பின்னர் நீதிபதி வழியாக மட்டும் துண்டிக்கும் முறை கொண்டுவரப்பட்டு, அதுவும் 2013ஆம் ஆண்டு நீக்கப்பட்டது.

ஆயினும் வரலாறு ஒரே திசையில் நகரவில்லை. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றத்தின் முழு அமர்வு, ஹடோபி முறைமை குறித்த வழக்கில், பதிப்புரிமை மீறலை ஆராயும் பொது அமைப்பு ஐபி முகவரிக்குரிய பெயரை முன்கூட்டிய நீதிமன்றப் பரிசீலனையின்றிப் பெறுவதை நிபந்தனைகளுடன் அனுமதித்தது. பல்வகைத் தரவுகளும் ஒன்றோடொன்று கலவாதவாறு தனித்தனியே காக்கப்பட வேண்டும் என்பதும், மீறல் மீண்டும் நிகழ்ந்து ஒருவரது பெயரையும் அவர் பகிர்ந்த கோப்புகளையும் இணைத்து நோக்கும் கட்டத்தில் நீதிமன்றமோ தன்னிச்சையான அமைப்போ முன்னரே ஆராய வேண்டும் என்பதும் அந்நிபந்தனைகளுள் சில. பெயர் தனித்து நிற்பதைக் காட்டிலும் அவர் என்ன கேட்டார், என்ன பார்த்தார் என்பதோடு இணையும்போதே அந்தரங்க இழப்பு மிகுகிறது என்னும் வேறுபாட்டை இத்தீர்ப்பு நிறுவுகிறது. எனினும் முதற்கட்டத்தில் வாயிற்காவலாக நீதிபதி இல்லை என்பதும் உண்மை.

8. இந்தியச் சூழல்

இந்தியாவில் தனிப் பயனர்களைப் பெருந்திரளாக வழக்கில் இழுக்கும் போக்கு வேரூன்றவில்லை. திரைப்பட நிறுவனங்கள் இணையத்தளங்களை முடக்கும் ஆணைகளையே நாடுகின்றன. அவ்வாணைகளில் பெயரறியாப் பிரதிவாதி ‘அசோக் குமார்’ எனக் குறிக்கப்படுதல் வழக்கம். 2012ஆம் ஆண்டு ‘3’ திரைப்படத் தயாரிப்பாளர் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற தடையாணையைத் தொடர்ந்து முறையான உள்ளடக்கமும் கொண்ட தளங்கள் சில முழுமையாக முடக்கப்பட்டன. அவ்வாண்டு ஜூனில், தடையாணை முழுத் தளத்திற்கும் உரியதன்று, படம் இடம்பெற்ற குறிப்பிட்ட முகவரிகளுக்கே உரியது என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பெயரற்ற ஒருவர்மீது வழங்கப்படும் ஆணை எல்லை கடந்து பரவும் இயல்புடையது என்பதை அவ்வழக்கு உணர்த்தியது.

இதனால் இந்தியப் பயனர்க்கு இடர் இல்லை என்று கொள்ளுதல் பொருந்தாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 முதல் 2,00,000 ரூபாய் வரை தண்டமும் வகுக்கிறது. இலாப நோக்கமற்ற மீறலாயின் தக்க காரணங்களைப் பதிவு செய்து தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்திற்கு இடமுண்டு. தமிழ்நாட்டில் 2004ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாக, பொதுவழக்கில் குண்டர் சட்டம் எனப்படும் 1982ஆம் ஆண்டுத் தடுப்புக்காவல் சட்டத்தின் வரம்பில் திரைப்படத் திருட்டுப் பதிவாளரும் சேர்க்கப்பட்டனர். சட்டம் இத்துணைக் கடுமையாக இருக்கையில், பெயர் எவ்வழியில் பெறப்படுகிறது என்பது மேலும் முதன்மை பெறுகிறது.

2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக ஒருமனதாக ஏற்றது. 2023ஆம் ஆண்டு எண்மியத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதன் வழிவந்தது. ஆயின் அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு, சட்டபூர்வ உரிமை அல்லது கோரிக்கையை நிலைநாட்டத் தேவைப்படும் தரவுக் கையாளுகைக்கு, ஒப்புதல் பெறுதல் உள்ளிட்ட கடமைகள் பலவற்றிலிருந்து விலக்களிக்கிறது. நீதிமன்றப் பணிகளுக்கான விலக்கு அப்பிரிவில் தனியே கூறப்படுவதால், உரிமைக் கோரிக்கைக்கான விலக்கு நீதிபதியின் ஆணையை முன்நிபந்தனையாக வெளிப்படக் கூறவில்லை என்றே படிக்க நேர்கிறது. ஒப்புதலற்ற வெளிப்பாட்டை எதிர்க்கும் சந்தாதாரருக்கு அப்போது எஞ்சுவது சேவை நிறுவனத்தின் மனவுறுதியும் நீதிமன்றங்கள் எதிர்காலத்தில் வகுக்கும் நெறியும் மட்டுமே. 1998ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் எழுத்தரின் ஆணையையேனும் வேண்டியது என்பதை இங்கு ஒப்பிட்டு நோக்கலாம்.

9. முடிவுரை

படைப்பாளியின் உரிமை மதிக்கத்தக்கது. பெயரறியும் வழியே இல்லையெனில் அவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடும். 1973ஆம் ஆண்டு நார்விச் ஃபார்மக்கல் வழக்கில் இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை, பிறர் செய்த தவறில் தம்மையறியாமல் தொடர்புற்றவர் தவறிழைத்தவரின் பெயரைத் தரக் கடமைப்பட்டவர் என்று வகுத்தமைக்கு இதுவே அடிப்படை. ஆகவே பெயர் வெளிப்படலாமா என்பது வினா அன்று. எவர் ஆராய்ந்தபின், எத்தகைய சான்றின்மேல், எந்த அளவுக்கு என்பதே வினா.

மேற்கண்ட வழக்குகளிலிருந்து மூன்று நெறிகள் பெறப்படுகின்றன. முதலாவது, பெயர் வெளிப்படும் முன் வழக்கிற்குத் தொடர்பற்ற நடுநிலையாளர் ஒருவர் சான்றினையும் காலத்தாழ்வையும் ஆராய்தல் வேண்டும். இரண்டாவது, சந்தாதாரர் வேறு, பகிர்ந்தவர் வேறு என்பதை ஆணையும் அதன்வழி அனுப்பப்படும் கடிதமும் வெளிப்படையாக ஏற்றல் வேண்டும். மூன்றாவது, வணிக நோக்கமற்ற மீறலுக்கான இழப்பீடு, குற்றமற்றவரையும் பணம் செலுத்த வைக்கும் அச்சமாக வளராதவாறு வரம்புக்கு உட்படல் வேண்டும். கனடா இம்மூன்றையும் பத்தாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் வழக்குகளாலும் சட்டத்திருத்தத்தாலும் படிப்படியாக அடைந்தது. இந்தியாவில் பெருந்திரள் வழக்குகள் இன்னும் தொடங்கவில்லை என்பதனால், அந்நெறிகளை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளும் வாய்ப்பு உள்ளது. மேக் கணினி வைத்திருந்த முதிய பெண்மணியின் பெயர் வழக்குத் தொடுக்கப்பட்ட பின்னரே ஆராயப்பட்டது. ஆராய்வு முதலிலும் வெளிப்பாடு பின்னரும் அமைதல் வேண்டும் என்பதே அவ்வழக்கு உணர்த்தும் முடிபாகும்.